சாமி பொம்மைக்கு என்ன விலை?

புரட்டாசி அமாவாசை நெருங்கும்போது கொலு பொம்மைக் கடை போடுகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, எதை எதோடு சேர்த்து வைப்பது என்பதை. வாங்க வருகிறவர்கள் இப்போது அதிகம் கேட்பது செட். கல்யாண செட், சீமந்த செட், கருட சேவை செட், கோவர்த்தனகிரி செட், பிள்ளைகளுக்காகக் கிரிக்கெட் செட். ஸ்ரீவில்லிபுத்தூரைத் தன்னிடம் வைத்திருக்கும் விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டாள் திருக்கல்யாண செட்டுக்குத் தனி மரியாதை. ஊர்க் கோயில் கருவறையில் ஆண்டாளும் ரெங்கமன்னாரும் கருடனும் ஒன்றாக நிற்பதைப் பார்த்து வளர்ந்த கண்கள், செட்டிலும் கருடன் இருக்கிறாரா என்று தேடும். இல்லையென்றால் கடைக்காரரிடம் கேட்டுவிடும்.

இன்னொரு கேள்வியும் எப்படியும் வரும். "ஆண்டாள் மட்டும் தனியாக் கிடைக்குமா?" பழகிய வியாபாரி தரமாட்டார். காரணம் கேட்டால் இரண்டு சொல்வார். ஒன்று, ஒரு உருப்படியை எடுத்துவிட்டால் மிச்சம் விலை போகாது. மற்றொன்று, மணையில் உட்காரவைத்த பெண்ணைத் தனியாகத் தூக்கிக் கொடுப்பது நல்லதில்லை.

முதல் காரணம் சரக்கைப் பற்றியது. இரண்டாவது தெய்வத்தைப் பற்றியது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல அவருக்குத் தயக்கம் எதுவும் இல்லை. அந்த ஆண்டாளின் பீடத்துக்கு அடியில் விலைச்சீட்டு ஒட்டியிருக்கிறது, உடையாமல் இருக்க இடுப்பைச் சுற்றி வைக்கோல் இருக்கிறது, பேரம் நடக்கிறது. பேரம் படிந்ததும் வாங்கியவர் பொம்மையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பைக்குள் வைக்கிறார். விலை பேசப்பட்டுக்கொண்டிருந்தபோது அது என்னவாக இருந்தது? கண்ணில் ஒற்றியபோது என்னவாக ஆனது? நடுவில் கைமாறியது சில நூறு ரூபாய் மட்டும்தான்.

இந்தக் கேள்வியின் மிகப் பழைய வடிவங்களில் ஒன்று ஒரு சிலைக்கடையில்தான் நடக்கிறது. யூதர்களின் பழைய விளக்கநூலான பெரேஷித் ரப்பாவில் அந்தக் கதை வருகிறது. ஆபிரகாமின் தந்தை தேராகு சிலை வியாபாரி. ஒருநாள் மகனைக் கடையில் உட்காரவைத்துவிட்டு வெளியே போகிறார். சிலை வாங்க ஒருவர் வருகிறார். மகன் அவருடைய வயதைக் கேட்கிறான். அறுபது என்கிறார். அறுபது வயதானவர் நேற்றுப் பிறந்த ஒன்றை வணங்கப் போகிறாரா என்று அவன் கேட்க, வந்தவர் வெட்கி, வாங்காமல் திரும்பிவிடுகிறார். பிறகு அவன் சிலைகளை உடைத்து, பெரிய சிலையின் கையில் தடியைக் கொடுத்துவிட்டு, பெரியவர்தான் உடைத்தார் என்கிறான். குர்ஆனிலும் இப்ராஹீம் நபி சிலைகளை உடைத்துப் பெரியதை மட்டும் விட்டுவைக்கும் நிகழ்ச்சி உண்டு. தமிழில் சிவவாக்கியர் இதே பக்கத்திலிருந்துதான் பேசுகிறார்: உள்ளே இருப்பவனை விட்டுவிட்டு நட்ட கல்லைச் சுற்றி வந்து என்ன பயன் என்கிறார். மூன்றும் கனமான குரல்கள். உருவ வழிபாட்டைப் பற்றி யோசிக்கிற எவரும் இவற்றைத் தாண்டிப் போக முடியாது.

ஆனால் ஆபிரகாமின் கேள்வியைப் புரட்டாசி மாதத்துப் பொம்மைக் கடையில் கேட்டால், வாங்க வந்தவர் வெட்கப்பட மாட்டார். அவரே கடைக்குள் நுழைந்ததும் கேட்பது, "இந்த வருஷம் புதுசா என்ன வந்திருக்கு?" என்பதுதான். வருஷத்துக்கு ஒரு புதுப் பொம்மையாவது படியில் ஏற வேண்டும் என்பது வீடுகளில் வழிவழியாக வரும் பழக்கம். நேற்றுச் செய்தது என்பது அவருக்குத் தெரியும். அச்சில் அழுத்தி எடுத்தது, சூளையில் வெந்தது, வர்ணம் இன்னும் முழுசாகக் காயாதது என்பதும் தெரியும். தெரிந்துதான் காசு கொடுக்கிறார். ஏமாந்தவரைப் பார்த்துக் கேட்ட கேள்வி ஏமாறாதவரிடம் வந்து நிற்கும்போது வேறு பதிலைத் தேட வேண்டியிருக்கிறது.

அந்தப் பதிலின் ஒரு பகுதி கொலுப்படியிலேயே இருக்கிறது. மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படையில் அடுக்கி, வெள்ளை வேட்டி விரித்து, மேல்படியில் தெய்வங்களையும் கீழே மனிதர்களையும் வைக்கிறார்கள். முதலில் ஏறுவது மரப்பாச்சி ஜோடி. ஆனாலும் அம்பாளை அழைப்பது பொம்மைகளில் அல்ல. பெரும்பாலான வீடுகளில் கலசத்தில். நீர் நிரம்பிய செம்பில் மாவிலையும் தேங்காயும் வைத்து அங்கேதான் ஆவாஹனம். கோயில் விக்ரகத்துக்குச் செய்வதுபோல் பிராணப் பிரதிஷ்டை எந்தக் கொலு பொம்மைக்கும் செய்வதில்லை. விஜயதசமி இரவு ஏதாவது ஒரு பொம்மையைப் படுக்கவைத்துவிட்டு, மறுநாள் எல்லாவற்றையும் பழந்துணியிலும் செய்தித்தாளிலும் சுற்றிப் பரணில் ஏற்றுகிறார்கள். ஒன்பது நாள் ஆரத்தி பார்த்தவர்கள் மற்ற பதினோரு மாதமும் அட்டைப்பெட்டியில் இருக்கிறார்கள். இதை யாரும் அவமரியாதையாக எடுத்துக்கொள்வதில்லை.

நவராத்திரிக்கு மூலநூலாகப் படிக்கப்படும் தேவி மாகாத்மியத்திலும் ஒரு மண் பொம்மை இருக்கிறது. நாட்டை இழந்த அரசன் சுரதனும், பணத்தாசை பிடித்த மனைவி மக்களால் வீட்டைவிட்டு விரட்டப்பட்ட வணிகன் சமாதியும் காட்டில் ஒரு முனிவரிடம் வந்து சேர்கிறார்கள். அவர் சொன்ன கதைகளையெல்லாம் கேட்டு முடித்ததும் இருவரும் ஆற்றங்கரைக்குப் போய் மண்ணில் தேவியின் உருவத்தைச் செய்து மூன்று வருடம் வழிபடுகிறார்கள். தேவி வருகிறாள். அரசன் இழந்த ராஜ்யத்தைத் திருப்பிக் கேட்கிறான். வணிகன் கேட்டது வேறு: நான், எனது என்ற பிடி விட்டுப்போகும் ஞானம். வாங்குவதும் விற்பதுமாக வாழ்ந்தவனுக்குத்தான் அந்த வரம் கேட்கத் தோன்றியிருக்கிறது. அந்த உருவத்துக்கு முன் அவர்கள் எதையும் மறைக்கவில்லை. தாங்களே குழைத்த மண், தாங்களே கிள்ளிய மூக்கு. செய்தவன் தானே என்ற நினைவும், வந்தது அவளே என்ற நம்பிக்கையும் ஒரே மனத்தில் குடியிருந்தன.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இது தினமும் நடக்கிறது. ஆண்டாளின் இடது கையில் இருக்கும் கிளியை ஒவ்வொரு நாளும் புதிதாகக் கட்டுகிறார்கள். பச்சை இலைகளால் உடல், மூக்குக்கு மாதுளம்பூ, கண்ணுக்குக் காக்காப்பொன், கட்டுவதற்கு வாழைநார். பரம்பரையாக இதைச் செய்து வரும் கைகளுக்குத் தாங்கள் கட்டுவது நாளைக்கு இருக்காது என்பது தெரியும். மறுநாள் அந்தக் கிளி யாரோ ஒரு பக்தரின் வீட்டுக்குப் போய்ப் பூஜையறையில் வாடுகிறது. நேற்றுச் செய்தது என்பது இங்கே குறையே இல்லை. இன்றைக்கென்று செய்தது என்பதுதான் அதன் பெருமை. வைணவ ஆசாரியர்கள் அர்ச்சாவதாரத்தைப் பற்றி எழுதும்போது இந்த மனநிலையைத்தான் தத்துவமாக ஆக்கினார்கள். பக்தன் குளிப்பாட்டினால் குளித்து, கொடுத்ததை உண்டு, படுக்கவைத்தால் தூங்கி, தன்னை அவனுக்கு வசப்படுத்திக்கொள்வதே இறைவனின் எளிமைக்கு உச்சம் என்பது அவர்கள் கண்ட பொருள். அப்படிப் பார்த்தால் கடையில் விலைச்சீட்டோடு நிற்பதும் அந்த எளிமையின் இன்னொரு படி என்று சொல்ல இடமுண்டு.

சரி, கடைக்கு வருவதற்கு முன்?

விருதுநகர், சிவகாசிப் பக்கத்துக் கடைகளுக்கு மிக அருகில் இருக்கும் பொம்மையூர் விளாச்சேரி. மதுரைக்குப் பக்கத்தில், திருப்பரங்குன்றத்தை ஒட்டி இருக்கிறது. கண்மாய்க் களிமண்ணை மிதித்துப் பதமாக்கி, அச்சில் அழுத்தி, இரண்டு பாதிகளையும் ஒட்டி, காயவைத்து, சூளை போட்டு, வெள்ளை அடித்து, அதன்மேல் வர்ணம். காகிதக்கூழ் பொம்மைகளும் உண்டு. எடை குறைவு, பேருந்தில் கொண்டுபோகத் தோது. வர்ண வேலையில் கடைசியாக வருவது கண். தமிழ்நாட்டில் உருவம் செய்கிற எந்த மரபை எடுத்தாலும் கண்ணுக்குத் தனி இடம். கிராமத்து அய்யனாருக்கு வேளார்கள் செய்து தரும் மண்குதிரைகூட, கண் திறக்கும் சடங்கு முடிந்தபிறகே சாமியின் குதிரை ஆகிறது. அதுவரை அது வேளார் வீட்டு வாசலில் காயும் மண். கோயில் சிற்பிக்கும் அதே முறை.

கொலு பொம்மைக்கு அந்தச் சடங்கு இல்லை. ஒரு வரிசையில் இருக்கும் அத்தனை முருகனுக்கும் ஒரே கை, ஒரே தூரிகை, அடுத்தடுத்துக் கண் எழுதிக்கொண்டே போகும். ஆனால் சடங்கு இல்லாத இடத்திலும் ஒரு ஒழுக்கம் இருக்கிறது, பொம்மை செய்கிறவர்களைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். கண் எழுதுவதைக் கற்றுக்குட்டியிடம் கொடுக்க மாட்டார்கள். விநாயகரைத் தலைகீழாகக் கட்டிவைக்க மனம் வராது. மண்ணாக இருக்கும்போதே மரியாதை தொடங்கிவிடுகிறது. இதைத் தொழில் நேர்த்தி என்று சொல்லி முடித்துவிடலாம். அது மட்டும்தான் என்றால், பானை செய்யும்போதும் அதே தயக்கங்கள் இருக்க வேண்டும், இருப்பதில்லை.

அதே விளாச்சேரிக் கைகள் புரட்டாசி முடிந்ததும் கிறிஸ்துமஸ் குடிலுக்கு மாறுகின்றன. குழந்தை இயேசு, மரியாள், சூசை, மூன்று ஞானிகள், ஆடுகள், ஒட்டகம். இதுவும் செட்தான், இதிலும் மரியாளைத் தனியாகப் பிரிப்பதில்லை. அசிசியின் பிரான்சிஸ் 1223-ஆம் வருடம் இத்தாலியின் கிரெச்சோ ஊரில் முதல் குடிலை அமைத்தபோது அவர் வைத்தவை பொம்மைகள் அல்ல, உயிருள்ள மாடும் கழுதையும். பொம்மைகள் பின்னால் வந்தன. அதற்கும் நானூறு ஆண்டுகளுக்கு மேல் முன்னால், உருவங்களை வைக்கலாமா கூடாதா என்று கிறிஸ்தவ உலகமே இரண்டாகி அடித்துக்கொண்டது. 787-இல் கூடிய இரண்டாம் நிசேயா சங்கம், படத்துக்குச் செய்யும் வணக்கம் படத்தில் இருப்பவரைச் சேர்கிறது, கடவுளுக்கே உரிய ஆராதனை வேறு என்று தீர்த்துவைத்தது. விளாச்சேரிக் கலைஞருக்கு நிசேயா தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் மாட்டுத்தொழுவத்தில் குழந்தையைக் கிடத்தும் விதம் அந்தத் தீர்ப்பை மீறுவதில்லை.

உருவத்தில் புனிதம் எப்போது ஏறுகிறது என்ற கேள்வி தமிழ்நாட்டில் ஒருமுறை நீதிமன்றம்வரை போனது. 1953 மே 27, புத்தர் பிறந்தநாள். திருச்சி டவுன்ஹால் மைதானத்தில் பெரியார் தலைமையில் பிள்ளையார் பொம்மை உடைக்கப்பட்டது. வீரபத்திரன் செட்டியார் என்பவர் வழக்குத் தொடுத்தார். அன்று நடப்பில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 295-ஆவது பிரிவு, ஒரு வகுப்பாரால் புனிதமாகக் கருதப்படும் பொருளை அவர்களை அவமதிக்கும் நோக்கத்தோடு சேதப்படுத்துவதைக் குற்றமாக்கியது. கீழ்நீதிமன்றங்கள் புகாரைத் தள்ளிவிட்டன; உயர் நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. உடைத்தது அவர்களுடைய சொந்தப் பொருள், அதை யாரும் கோயிலில் வைத்து வழிபடவில்லை, தெய்வத்தின் சாயல் இருப்பதாலேயே ஒரு மண் உருவம் புனிதமாகிவிடாது என்பது அந்தத் தீர்ப்புகளின் சாரம். 1958 ஆகஸ்ட் 25 அன்று உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. பொருள் எவ்வளவு அற்பமானதாக இருந்தாலும், பிரதிஷ்டை ஆகியிருந்தாலும் ஆகாவிட்டாலும், ஒரு வகுப்பார் அதைப் புனிதமாகக் கருதினால் பிரிவு பொருந்தும் என்றது. ஐந்து வருடம் கடந்துவிட்டதால் மேற்கொண்டு விசாரணைக்கு அனுப்பவில்லை.

சட்டத்தின் கோணத்தில் எது சரி என்பது தனி விவாதம். புனிதத்தின் கோணத்தில், கீழ்நீதிமன்றம் ஆகமத்துக்கு நெருக்கமாகவும் உச்ச நீதிமன்றம் கடைத்தெருவுக்கு நெருக்கமாகவும் தீர்ப்பு எழுதியிருக்கின்றன. ஆகமப்படி பிரதிஷ்டை ஆகாத மண் மண்தான். கடைத்தெருவுக்கு அப்படி அல்ல. விநாயகர் உருவம் வந்துவிட்டால் காலடியில் வைக்கக் கூடாது, அவ்வளவுதான். பெரியாரும் இதை நன்றாக அறிந்திருந்தார் என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். அன்று மைதானத்தில் பத்துப் பானைகளை உடைத்திருந்தால் யார் நின்று பார்த்திருப்பார்கள்? பொம்மை வெறும் மண் என்று காட்டுவதற்கு, அதை வெறும் மண்ணாகப் பார்க்காதவர்கள் ஊரெல்லாம் தேவைப்பட்டார்கள். உடைத்த கையும் கும்பிட்ட கையும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போயின: அந்த உருவத்தை என்ன செய்கிறோம் என்பது பொருட்டானது.

சிவகாசி இந்த விவாதத்துக்குள் வேறு ஒரு வாசல் வழியாக வருகிறது. 1922-இல் சண்முக நாடாரும் அய்ய நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். பட்டாசுக்கு உறை வேண்டும். அதற்காக வந்த அச்சகங்கள் பிறகு காலண்டர் அடிக்கத் தொடங்கின. இந்தியாவின் எத்தனையோ வீடுகளில், ஜவுளிக்கடைப் பெயரைக் காலடியில் தாங்கி நிற்கும் லட்சுமியும் முருகனும் சிவகாசியில் அச்சானவர்கள். அவர்களுக்கு முகம் கொடுத்தவர்களில் முதன்மையானவர் பக்கத்துக் கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் சி. கொண்டைய ராஜு (1898–1976). சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். வாலிபத்தில் துறவு நாடித் திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் தங்கினார். பிறகு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதப் போய், அது கலைந்தபின் கோவில்பட்டியில் நிலைத்தார். சுப்பையா, ராமலிங்கம் போன்ற சீடர்களோடு அவர் எழுதிய தெய்வங்கள் லட்சக்கணக்கில் அச்சாகின. சிவகாசிக் காலண்டர் உலகத்தைப் பற்றிக் கஜ்ரி ஜெயின் 2007-இல் ஒரு முழு ஆய்வு நூலே எழுதினார்.

ரமணர் பிறந்தது இதே விருதுநகர் மாவட்டத்துத் திருச்சுழியில், 1879-இல். நான் யார் என்ற ஒரே கேள்விக்குள் எல்லாவற்றையும் கரைத்தவர் அவர். அவருடைய ஆசிரமத்திலிருந்து வெளியே வந்த ஒருவர் வாழ்நாள் முழுக்கச் சாமி படம் எழுதியது முரணாகத் தோன்றலாம். ஆனால் ரமணரே தம் தாயின் சமாதிமேல் மாத்ருபூதேஸ்வரர் கோயில் எழுவதைத் தடுக்கவில்லை. 1949-இல் அதன் குடமுழுக்கில் உடனிருந்தார். உருவம் கடைசி உண்மை அல்ல என்று தெரிந்தவருக்கு உருவத்தின்மேல் கோபம் வரவேண்டிய அவசியம் இல்லை.

சிவகாசிக்கே திரும்பி, லட்சுமி வெடியை எடுத்துக்கொள்வோம். உறையில் தாமரைமேல் லட்சுமி, உள்ளே மருந்து. தீபாவளி காலையில் திரியைக் கிள்ளும் பிள்ளைக்கு அது வெடியின் பெயர் மட்டுமே. வருடாவருடம் யாராவது இதை எதிர்க்கிறார்கள். 2020 நவம்பரில் மத்தியப் பிரதேச அரசு தெய்வப் படம் போட்ட பட்டாசுகளை விற்கவும் வெடிக்கவும் கூடாது என்றது. அழிவதுதான் குறை என்றால், நாமே எத்தனை தெய்வங்களை அழிக்கிறோம்! களிமண் பிள்ளையாரைக் கிணற்றில் கரைக்கிறோம். ஆண்டாள் கிளியை வாடவிடுகிறோம். அந்த அழிவில் ஒரு வழியனுப்புதல் இருக்கிறது: தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, அடுத்த வருஷம் வா என்று சொல்லி அனுப்புகிறோம். வெடித்துச் சிதறிய உறையை யாரும் வழியனுப்புவதில்லை, மறுநாள் தெருக்கூட்டுகிறவரின் துடைப்பத்துக்குப் போகிறது. எதிர்ப்பவர்களின் மனவருத்தத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அந்த நியாயம் படத்தோடு நின்றுவிடக் கூடாது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் கருகி இறந்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் இந்த வட்டாரத்தில் விபத்து இல்லாத வருடங்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். திரி சொருகும் கை, உறை ஒட்டும் கை, மருந்து அளக்கும் கை, எல்லாம் இதே ஊர்களின் கைகள். காகிதத்து லட்சுமி கிழிவதற்கு நெஞ்சு பதறுகிறவர்கள், அந்தக் காகிதத்தை ஒட்டிய பெண் மாலையில் உயிரோடு வீடு திரும்புகிறாளா என்பதற்கும் அதே அளவு பதற வேண்டும். உருவத்துக்குக் காட்டும் மரியாதை உண்மையானது என்றால் உருவாக்கிய கையை விட்டுவிட்டு அது நிற்க முடியாது. விளாச்சேரிக்கும் இது பொருந்தும். கண்மாயில் களிமண் எடுக்க அனுமதி கிடைக்காமல் அலைகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். கொலுவில் கூடும் கூட்டத்தில் எத்தனை பேருக்கு அந்த அலைச்சல் தெரியும்?

கடைக்குத் திரும்பினால், வியாபாரியின் மனசாட்சிக்கு இரண்டு கடினமான தருணங்கள் உண்டு. ஒன்று, சரக்கு இறக்கும்போது மூக்கு உடைந்த அம்பாள். நல்ல பொம்மைக்கு விலை சொல்வது எளிது. உடைந்ததை ஒட்டிப் பூசி முழு விலைக்குத் தள்ளிவிடலாம், சொல்லிவிட்டுக் குறைந்த விலைக்குத் தரலாம், விற்காமலே விடலாம். இரண்டாம் வழியைப் பல வீடுகள் ஏற்பதில்லை, பின்னமான உருவத்தைப் படியில் வைக்கக் கூடாது என்பதால். ஆகவே அந்த அம்பாள் அரசமரத்தடிக்குப் போய்ச் சேர்கிறாள், சட்டம் உடைந்த சாமி படங்களுக்கும் கிழிந்த காலண்டர்களுக்கும் பக்கத்தில். எறியவும் முடியாது, வைக்கவும் முடியாது என்ற நிலையில் தமிழர்கள் கண்டுபிடித்த இடம் அது. ஜப்பானியர்கள் இதற்குச் சடங்கே வைத்திருக்கிறார்கள். மார்ச் 3 அன்று பெண் குழந்தைகளுக்காகச் சிவப்புத் துணி விரித்த படிகளில் அரசனும் அரசியுமாகப் பொம்மை அடுக்கும் அவர்களுடைய ஹினா திருவிழா நம் கொலுவுக்கு நெருங்கிய உறவு. பழசான பொம்மைகளைக் கோயிலுக்குக் கொண்டுபோகிறார்கள். டோக்கியோ உயேனோவில் உள்ள கியோமிசு கன்னோன் கோயிலில் செப்டம்பர் 25 அன்று துறவிகள் மந்திரம் ஓதி, நன்றி சொல்லி, அவற்றை எரிக்கிறார்கள். பிராணப் பிரதிஷ்டை அங்கும் இல்லை. குழந்தையோடு வாழ்ந்த பொருள் என்பதே போதுமானதாக இருக்கிறது.

இரண்டாவது தருணம், சரஸ்வதி பூஜை முடிந்தும் விற்காத சரக்கு. 2019-ஐ வியாபாரிகள் மறக்க மாட்டார்கள். அந்த வருடம் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை நாற்பத்தெட்டு நாட்கள் காஞ்சிபுரத்தில் அத்தி வரதர் தரிசனம் தந்தார். முதலில் சயனம், பிறகு நின்ற கோலம். அதன்பின் அனந்த சரஸ் குளத்துக்குள் போய்விட்டார், இனி 2059-இல்தான். ஆறு வாரத்தில் நவராத்திரி வந்தது. கடை கடையாக அத்தி வரதர் பொம்மை, சயனத்திலும் நின்ற கோலத்திலும். வரிசையில் நிற்க முடியாத முதியவர்கள், பார்த்தும் பிரிய மனமில்லாதவர்கள் என எல்லோரும் கேட்டது அதைத்தான். வரதர் நீருக்கடியில், பொம்மை படியின்மேல். இரண்டுக்கும் உள்ள தொடர்புக்கு யாரும் கடைக்காரரிடம் விளக்கம் கேட்கவில்லை.

அடுத்த வருடம் அதே பொம்மை மீந்திருந்தால் விலையைக் குறைக்க வேண்டியதுதான். குறைவது மண்ணின் விலை, வர்ணத்தின் விலை, லாரி வாடகை, ஒரு வருஷம் கிடங்கில் முடங்கிய முதல். பேரம் முழுவதும் இவற்றைச் சுற்றியே நடக்கிறது. விலைச்சீட்டு சொல்வதும் இவ்வளவுதான், அதற்குமேல் எதையும் அது விற்பதாகச் சொல்லவில்லை. பொம்மை செய்தவர் அதில் தெய்வத்தை வைத்து அனுப்புவதில்லை, வியாபாரியும் அளந்து கொடுப்பதில்லை. வாங்கியவர் தன் வீட்டுப் படியில் ஏற்றி அழைக்கும்போது அது வருகிறது. ஆனால் அந்த அழைப்பு வரும்வரை பொம்மையை யாராவது காலில் படாமல் வைத்துக் காப்பாற்ற வேண்டும். மண் மிதித்தவரும் கண் எழுதியவரும் கடைக்காரரும் தங்கள் பங்குக்கு அதைச் செய்கிறார்கள். வணங்குகிறவரைவிட முன்னால் வணக்கம் தொடங்குவது அவர்களிடத்தில்.

கொலு வைத்த பழைய வீடுகள் இதை மறக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். கீழ்ப்படியில் செட்டியாரையும் செட்டியாரம்மாவையும் உட்காரவைத்து, முன்னால் கடை பரப்புகிறார்கள்: அரிசி, பருப்பு, உப்பு, மஞ்சள், வெல்லம், சின்னக் கிண்ணங்களில். தசாவதாரமும் அஷ்டலட்சுமியும் அமர்ந்த அதே படிக்கட்டில் வியாபாரிக்கும் ஒரு இடம். மேல்படியில் இருப்பதெல்லாம் மண், மரம், காகிதக்கூழ். செட்டியார் கடையில் இருப்பது மட்டும் நிஜ அரிசி, நிஜப் பருப்பு. பத்தாம் நாள் முடிந்து கொலு கலைக்கும்போது அது சமையலறைக்குப் போகிறது. செட்டியார் தம்பதி ஒரே துணியில் சுற்றப்பட்டுச் சேர்ந்தே பெட்டிக்குள் போகிறார்கள்.